சனம் குறைந்த இடம்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தமிழர் ஒருவரின் பெயர் படத்தோடு அச்சில் வந்தால் ஆள் போய்விட்டார் என்றுதான் அர்த்தம் என்று நம்பியவர் அவர். ஒருமுறை எங்கள் கட்டடத்தில் இருந்த ஒருவருக்கு யாரோ பாராட்டு விழா எடுத்து, அதை இலவசப் பத்திரிகையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். இவர் வெள்ளைச் சேர்ட்டை மாட்டிக்கொண்டு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். கதவைத் திறந்தது பாராட்டப்பட்டவரேதான். இவர் கொஞ்சமும் அசரவில்லை. உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார்.

நாங்கள் ரொறன்ரோவில் வோபர்ன் பக்கம் இருந்த காலத்தில் அவர் எங்களுக்கு மேல்மாடி. கட்டடம் முழுவதற்கும் அவர் அண்ணை. மனைவி காலமாகிவிட்டார். கனடாவில் பிறந்த ஒரே மகளோடு இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருடைய முழுநேர வேலை செத்தவீட்டுக்குப் போவது. மனைவி போன கவலையில் தொற்றிய பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். மனைவி இருந்தபோதும் அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். அந்தப் புண்ணியவதி அவரைத் தேடி எத்தனையோ பியூனரல் ஹோம்களுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்.

காரின் பின்பெட்டியில் அழுத்தி மடித்த வெள்ளைச் சேர்ட் ஒன்று, கறுப்புக் குடை ஒன்று, கண் துடைக்க ரிஷ்யூப் பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். காலையில் எழும்பிப் பல் தீட்டமுதல் கைபேசியில் மரண அறிவித்தல்களைப் பார்ப்பார். தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் அவருக்கு இருந்ததில்லை. முஸ்லிம் வீடுகளென்றால் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஆண்களோடு வெளியே நிற்பார். கட்டடத்தைக் கூட்டித் துடைத்த போர்த்துக்கீசரின் தாய் இறந்தபோது தேவாலயத்தில் முன்வரிசையில் இருந்தார். எப்போது எழும்புவது, எப்போது முழங்காலில் நிற்பது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரு கணம் பிந்தியே எல்லாவற்றையும் செய்தாராம்.

இறந்தவர் நல்லவரா கெட்டவரா என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. திரும்பி வந்ததும் மின்தூக்கியில் கண்டால், "சனம் பரவாயில்லை" என்பார். அல்லது, "சனம் கொஞ்சம் குறைவு" என்பார். குறைவு என்றால் அன்று முழுவதும் முகம் சரியிருக்காது.

குறைவான இடத்துக்கு ஆள் பிடிக்கவும் தயங்கமாட்டார். ஒரு பனிக்கால மத்தியானம் என் கணவர் ரவி அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். அண்ணை உள்ளே வந்தார். ரவியையும், றோல்ஸ் வாங்க வந்த இரண்டு பேரையும் பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். யாரென்றே தெரியாத ஒரு முதியவரின் பெட்டிக்கு ரவி தோள் கொடுத்தார். ஆறிப்போன கொத்துரொட்டியோடு வீட்டுக்கு வந்து, "நல்ல பாரமான மனிசன்" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவர் தலையில் தோய்ந்து குளித்த பிறகுதான் சமையலறைக்குள் விட்டேன்.

எங்கள் ஆட்களின் வழக்கப்படி செத்தவீட்டில் விடைபெறக்கூடாது. "போட்டு வாறன்" என்று சொல்லாமல் எழும்பிப் போய்விட வேண்டும். அண்ணைக்கு இது ஊறிப்போய், கலியாணவீடு, பிறந்தநாள் எங்கேயும் சொல்லாமல்தான் எழும்புவார். என் மகளின் பிறந்தநாளன்று கேக் துண்டோடு அவரைத் தேடி வாகனத் தரிப்பிடம்வரை போனேன். ஆள் எப்போதோ வீட்டில் போய்ப் படுத்துவிட்டார்.

எனக்குச் செத்தவீடு ஒத்துவராது. அந்தப் பூ மணமும், குளிரூட்டியும், ஆட்கள் மெல்லப் பேசுவதும் சேர்ந்தால் இரண்டு நாட்களுக்குத் தலையிடி. சொந்தத்துக்குள் மட்டும் போவேன், அதுவும் கடைசி வரிசைக்கு. பாலைவனமும் எனக்கு ஒத்துவராத ஒன்றுதான். ஆனால் ரவிக்கு ஐம்பது வயதில் ஃபோர்வீல் பைத்தியம் பிடித்திருந்தது. இரவும் பகலும் மணல்மேட்டில் ஏறி இறங்கும் வாகனங்களின் வீடியோதான். கடைசியில் நெவாடாப் பக்கம் ஒரு கிழமை வாகனத்தில் சுற்றுவது, கூடாரத்தில் தூங்குவது என்று முடிவாயிற்று. ரவியின் தங்கை வதனியும் வந்தாள். அவள் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவள், எதற்கும் பதறாதவள். நாலாவது இருக்கை காலியாக இருந்தது.

அண்ணையின் மகள் படியிறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்ரி, பிளீஸ், அப்பாவுக்கு ஒரு பிரேக் வேணும். ஃபியூனரல் இல்லாத இடமாக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். அவருக்குச் சீனி வருத்தம், இருதயத்தில் முன்பே ஒரு திருத்தவேலை நடந்திருந்தது. மருந்துகளை நேரத்துக்குக் கொடுப்பேன், வெயிலில் விடமாட்டேன் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அண்ணை குடையையும் வெள்ளைச் சேர்ட்டையும் எடுத்து வைத்தார். பாலைவனத்தில் யார் அண்ணை சாகப்போகிறார்கள் என்று ரவி கேட்டார். "மழை பெய்தாலும்" என்று அண்ணை குடைக்கு மட்டும் பதில் சொன்னார்.

லாஸ் வேகஸில் இறங்கி வாகனத்தை எடுத்த முதல்நாள் பின்னேரமே கைபேசிகளில் சிக்னல் போய்விட்டது. அண்ணை தன் கைபேசியை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். கூரைக்கு மேலே தூக்கிப் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஊரில் யாராவது சாகிறார்களோ தெரியவில்லை என்று கவலைப்பட்டார். சிவந்த மலைகளையும் மணலையும் காட்டி எப்படி இருக்கிறது என்று ரவி கேட்டபோது, அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, சனம் குறைவு என்றார்.

மணலுக்குள் தனி வாகனமாகப் போகக்கூடாது, ஒன்று புதைந்தால் இழுக்க இன்னொன்று வேண்டும். ரவி இதை வீடியோவில் படித்திருந்தாலும் வந்து இறங்கிய பிறகுதான் யோசித்தார். நல்லகாலத்துக்கு முகாமில் ஒரு வெள்ளைக்காரரைச் சந்தித்தோம். கனடா இலக்கத்தகடு, சஸ்காச்சுவானிலிருந்து தனியாக ஓட்டி வந்திருந்தார். எழுபது வயது கடந்த, மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். பெயர் வோல்டர். சேர்ந்து போகலாமா என்று ரவி கேட்க, ஒரு தலையாட்டலோடு முன்னே வாகனத்தை எடுத்தார். ரவியின் சக்கரங்களில் காற்று அதிகமாக இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது ரவியே என்பதுபோல நடந்துகொண்டார். அண்ணை அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, தாய் தகப்பனை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்பது. நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். வோல்டர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு, கோதுமை வயலுக்குப் பக்கத்தில் என்று சொன்னார்.

மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு பாறையடியில் வாகனங்களை நிறுத்திச் சாப்பிட்டோம். வதனி புட்டும் சம்பலும் கொடுக்க வோல்டர் இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு தன் வாகனத்து நிழலில் சாய்ந்து இருந்து தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். வெளிக்கிட நேரமாகிவிட்டதே என்று ரவி போய்த் தொட்டார், ஆள் அசையவில்லை. வதனி ஓடிவந்து அவரை மணலில் கிடத்தி, நெஞ்சை அமத்தி அமத்திப் பார்த்தாள். ரவி மாற்றிச் செய்தார். நான் செய்தேன். கடைசியில் வதனி அவருடைய கண்களை மூடிவிட்டு, தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

அவசரத்துக்கென்று வாடகைக்கு எடுத்த, செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. அதன் வயரைக் கழற்றிவிட்டு ரவி தன் பறக்கும் கமராவுக்குச் சார்ஜ் ஏற்றியிருந்தார். மணல்மேடுகளின் படங்கள் அருமையாக வந்திருந்தன. கருவி செத்துக் கிடந்தது, வயர் முகாமில் கிடந்தது.

பொலிசுக்குச் சொல்லாமல் உடலை ஏற்றிக்கொண்டு போவது பிழை என்று வதனி சொன்னாள். எல்லோரும் போய், தார் றோட்டில் சிக்னல் கிடைத்ததும் அறிவித்துவிட்டு, அவர்களோடு திரும்பி வருவோம் என்றார் ரவி. உடலை அவருடைய வாகனத்துக்குள் ஏற்றிக் கதவைப் பூட்டலாம், ஒன்றும் தீண்டாது என்றார். நியாயமான யோசனை. நானும் வதனியும் ஒத்துக்கொண்டோம். அண்ணை இதற்குள் வெள்ளைச் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"பிரேதத்தைத் தனிய விடேலாது. நீங்கள் போட்டு வாங்கோ. நான் இருக்கிறன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். வெயிலைச் சொன்னோம், சீனி வருத்தத்தைச் சொன்னோம், மகளைச் சொன்னோம். அவர் ஒன்றுக்கும் கோபிக்கவில்லை. வோல்டருக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரையை விரித்து இருந்துவிட்டார். செத்தவீட்டில் இருக்கிற மனிதரை எழுப்பிக்கொண்டு போக யாரால் முடியும்? தொலைபேசியில் விபரம் சொல்ல வதனி வேண்டும், வாகனம் ஓட்ட ரவி வேண்டும். மிஞ்சியது நான். வாக்குக் கொடுத்தவளும் நான்தான். பாதித் தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு அவர்கள் போனார்கள். இரைச்சல் ஓயும்வரை அந்த வாகனத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பார்க்க வேறொன்றும் இல்லாதபடியால் வந்து இருந்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு செத்தவீட்டில் முன்வரிசை.

வோல்டரின் போர்வையால் அவரை மூடியிருந்தோம். நாங்களாக எதுவும் செய்யக்கூடாது, அவருடைய சமயம் தெரியாது என்றார் அண்ணை. தேவாரம்கூட வேண்டாம், சும்மா இருப்போம் என்றார். சும்மா இருந்தோம். கொஞ்ச நேரத்தில், இவரைப் பற்றி ஏதாவது சொல்லும்படி என்னிடம் கேட்டார். முந்தநாள் கண்ட மனிதரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றேன்.

"தெரிஞ்சதைச் சொல்லும் பிள்ளை. இஞ்ச நாங்கள் ரெண்டு பேர்தானே இருக்கிறம்."

யோசித்தேன். கோப்பிக்குச் சீனி அள்ளிப் போடுவார் என்றேன். சப்பாத்தைத் தேள் போகாதபடி கவிழ்த்து வைப்பார் என்றேன். அந்த மடக்குக் கதிரையை வந்த அன்றே அண்ணைக்குக் கொடுத்துவிட்டு, தான் ஐஸ்பெட்டிக்கு மேலே இருந்ததைச் சொன்னேன். இரவு படுக்கப்போகமுதல் எங்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி வணக்கம் சொல்வார். என் பெயர் அவருக்கு வாயில் வரவில்லை. சரியாக வரும்வரை நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனார். இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அவருக்காகவா அழுதேன், பயத்தில் அழுதேனா என்று தெரியாது. அண்ணை ரிஷ்யூப் பெட்டியை நீட்டினார். அதையும் கொண்டுவந்திருந்தார்.

வெயில் சாயச் சாய வாகனத்து நிழல் எங்களை விட்டு விலகிப் போயிற்று. அண்ணை எழும்பிக் குடையை விரித்து வோல்டரின் முகத்துக்கு நேரே பிடித்தார். தன் தலையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. அவருக்கு இனிச் சுடாது, உங்களுக்குத்தான் சுடும் என்று சத்தம் போட்டேன். அவர் கேட்காததுபோல நின்றார். உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன, கை நடுங்கத் தொடங்கியிருந்தது. மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இன்னொரு பிரேதத்தோடு இந்த மணலில் தனியே இருக்கவேண்டி வருமோ என்றுகூட நினைத்துவிட்டேன். கடைசியில் குடையைப் பறித்து நான் பிடித்தேன். அவரை வாகனத்துக்கு மறுபக்கம் நிழலில் இருத்தி, பிஸ்கற்றும் தண்ணீரும் மருந்தும் கொடுத்தேன். அவர் தின்றுகொண்டே, நான் குடையைச் சரியாகப் பிடிக்கிறேனா என்று எட்டிப் பார்த்தார்.

நடுக்கம் நின்ற பிறகு, உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன்.

"வந்த புதுசில பார்க்டேலில ஒரு பியூனரல் ஹோமில துடைக்கிற வேலை" என்றார். "ஒருநாள் ஒரு தமிழ்ப் பொடியன்ர பெட்டி. பார்வைக்கு வைச்சிருக்கு, ஒருதரும் இல்லை. கதிரையெல்லாம் வெறுமையாக் கிடக்குது. நான் மொப்பைச் சுவரில சாத்திப்போட்டு முன்னுக்குப் போய் இருந்திட்டன். சுப்பர்வைசர் வந்து ஏசினவன்."

"பிறகு?"

"பிறகென்ன, கொஞ்சத்தால அவனும் வந்து இருந்தவன்."

அவ்வளவுதான்.

பொழுதுபடமுதல் புழுதி கிளம்பியது. முன்னே பொலிஸ் வாகனம், பின்னே ஒரு பெரிய ஃபோர்வீல், அதற்குப் பின்னே ரவி. விசாரித்தார்கள், எழுதினார்கள், வோல்டரை ஏற்றினார்கள். அவரோடு பின்னுக்கு யார் இருப்பது என்று அண்ணை கேட்டார். யாரும் இல்லை, அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார் பொலிஸ்காரர். அண்ணை ரவியிடம் வந்து, நாங்கள் பின்னாலேயே போவோம், கூடாரங்களைப் பிறகு பார்க்கலாம் என்றார். மிச்ச நாட்களுக்கு ரவி போட்டிருந்த திட்டமெல்லாம் அந்தக் கூடாரங்களோடு கிடந்தன. ரவி வாகனத்தை எடுத்தார். ரொறன்ரோவில் பிரேத ஊர்வலத்துக்குப் போடுவதுபோல இரண்டு பக்க விளக்குகளையும் விட்டுவிட்டு எரியப்போட்டார். அதைக் கண்டு முன்னால் போனவர்களும் போட்டார்கள். ஒரு வாகனம்கூட எதிரே வராத மணல்பாதையில் அப்படியே போனோம்.

அந்தச் சிறிய ஊரின் ஆஸ்பத்திரி வாசலில் என்னுடையதும் அண்ணையுடையதுமான கைபேசிகள் உயிர்த்தன. அண்ணையின் கைபேசி நிற்காமல் அடித்தது. எல்லாம் மகள் அனுப்பியவை, ஆங்கிலத்தில். அவர் கைபேசியை என்னிடம் தந்தார்.

மொன்றியலில் இருந்த அவருடைய சொந்த அக்கா காலமாகிவிட்டார். மகள் மூன்று நாட்களாக அவரையும் என்னையும் தேடியிருக்கிறாள். பொறுத்துப் பார்த்துவிட்டு இன்றைக்குத் தகனம் செய்துவிட்டார்கள்.

அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்துத் தமிழில் சொன்னேன். எத்தனை மணிக்கு எடுத்தார்களாம் என்று கேட்டார். சொன்னேன். அந்த ஊர் நேரத்துக்கும் இந்த ஊர் நேரத்துக்கும் கணக்குப் பார்த்தார்.

"அப்ப நாங்கள் இவரோட இருக்கேக்கதான்" என்றார்.

பிறகு, "அங்க ஆக்கள் போயிருப்பினம்" என்றார். நான், மண்டபம் கொள்ளாமல் வெளியேயும் நின்றார்களாம் என்றேன். அப்படி ஒரு வரியும் மகள் எழுதியிருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். வதனி முதல் விமானத்துக்கு ரிக்கற் தேடத் தொடங்கியிருந்தாள். அண்ணை அவளைத் தடுத்தார்.

"அக்காவை எடுத்தாச்சு. இவற்ர ஆக்கள் இன்னும் வரேல்லை. அவையள் வருமட்டும் நிப்பம்."

நின்றோம். ஒரு மலிவான மோட்டலில் அறை எடுத்தோம். விடிந்ததும் அவர் சவரம் செய்து, தோய்த்துக் காயவைத்த அதே வெள்ளைச் சேர்ட்டோடு ஆஸ்பத்திரி நடைபாதையில் போய் இருந்தார். நாங்களும் போய் இருந்தோம். உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள், நடைபாதையில் இருப்பதால் யாருக்கும் ஒரு பலனும் இல்லை. ஒரு தாதி வந்து, நீங்கள் குடும்பமா என்று விசாரித்தாள். இல்லை, அவரோடு வந்தவர்கள் என்று வதனி சொன்னாள். தாதி கோப்பி கொண்டுவந்து தந்தாள்.

அடுத்தநாள் காலை வோல்டரின் மருமகன், அவருடைய சகோதரியின் மகன், வந்தான். நாற்பது வயதிருக்கும், அதே மெலிந்த உடம்பு. அண்ணை எழும்பிப் போய் அவனுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். உன் மாமா மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார், பிறகு நோகாமல் போனார், ஒரு நிமிடமும் தனியே இருக்கவில்லை என்று அண்ணை சொல்லச்சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் கையை இழுக்கவில்லை. அங்கேயே நின்று அழுதான். அவன் அழுது முடியும்வரை நின்றுவிட்டு, அண்ணை விடைபெறாமல் நடந்து வெளியே வந்தார்.

வாகனத்தில் ஏறினார். இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டார். ரவி வாகனத்தை எடுத்ததும் வானொலியில் யாரோ பாடத் தொடங்கினார்கள்.

"ரவி, அந்தப் பாட்டை ஒருக்கால் நிப்பாட்டும்" என்றார். "நான் அக்காவுக்கு அழவேணும்."

ரவி நிறுத்தினார். வாகனத்தையும் தெருவோரமாக நிறுத்தினார். அண்ணை முகத்தை மூடாமல், சத்தமாக, அக்கா அக்கா என்று அழுதார். நாங்கள் மூன்று பேரும் அவரோடு இருந்தோம்.